பிறர் நிலத்தில் நம் ஏடுகள்



சர்க்கார் தன் கணக்குகளையும் பதிவேடுகளையும் தன் கச்சேரிக்குள்ளேயே பூட்டிவைத்துக் காத்த காலம் போய், பல இலாகாக்களுக்கும் பொதுவாக எங்கோ அமைந்த பெருங்கணினி நிலையங்களில் அவற்றை வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டு, பயன்படுத்திய அளவுக்கு வாடகை கொடுக்கும் மேகக் கணிமை வழக்கம் நம் தேசத்தில் வேரூன்றிவரும் இந்நாளில், அதன் சாதக பாதகங்களை ஆராய்வதற்குப் போடிநாயக்கனூரைக் காட்டிலும் உகந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம். இதை உபசார வார்த்தையாக எண்ணிவிட வேண்டாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இவ்வூர் ஏலக் கூடத்தில் இருக்கிறது, மற்றொன்று இங்கிருந்து தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், மலைக்கு அப்பால் இருக்கிறது. முதலில் ஏலக் கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏலக்காய் வியாபாரத்தின் போக்கு இவ்வூராருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. ஆயினும் இச்சொற்பொழிவு அச்சாகி வெளியூர் வாசகர் கைக்கும் போகவிருப்பதால் சிறிது விவரிக்க வேண்டியிருக்கிறது. மேலே மலையில் பறித்த பச்சைக் காயைத் தோட்டக்காரர் ஸ்டோர் என்று வழங்கும் உலர் கூடத்தில் பதமாக உலர்த்தி, மூட்டையாகக் கட்டி, உரிமம் பெற்ற ஏலக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறார். கம்பெனி ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லாட் எண் கொடுத்து, அதிலிருந்து சிறிது காயை மாதிரியாக எடுத்து வியாபாரிகளுக்கு அளிக்கிறது. வியாபாரி அந்தக் காயின் நிறத்தையும், பருமனையும், எடையையும், மணத்தையும் பரீட்சித்து, மனத்துக்குள் ஒரு விலையைத் தீர்மானித்துக்கொண்டு ஏலத்தில் அமருகிறார். இவ்வளவையும் ஒழுங்கு செய்யும் அதிகாரம் ஸ்பைசஸ் போர்டு என்னும் நறுமணப் பொருள் வாரியத்தினுடையது. 1965-ஆம் ஆண்டு ஏலக்காய்ச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட பழைய ஏலக்காய் வாரியம், 1987-இல் இந்தப் புதிய வாரியத்தில் ஐக்கியமாயிற்று. அதே ஆண்டில் ஏலக் கம்பெனிகளுக்கும் வியாபாரிகளுக்கும் உரிமம் வழங்கும் விதிகள் வகுக்கப்பட்டன. வாரியத்தின் தலைமைக் காரியாலயம் கொச்சியில் இருக்கிறது. அது அதிகாரம் செலுத்தும் சந்தையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு சரிவுகளிலும், இரண்டு மாநிலங்களில், கிழக்கே போடியிலும் மேற்கே இடுக்கி ஜில்லாவின் புற்றடியிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

முன்பெல்லாம் விலையைக் கூவி ஏலம் விட்டார்கள். கூவும் ஏலத்தில் ஒரு ரசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போர், கண் ஜாடையாலேயே ஓர் உடன்பாட்டுக்கு வந்து விலையை ஓரிடத்தில் நிறுத்திவைக்கவும் அதில் இடமுண்டு. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தபோது, வியாபாரி தம் முன்னிருக்கும் கணினியில் விலையை ஏற்ற, அது எல்லோருக்கும் பொதுவான திரையில் தெரியலாயிற்று. கூச்சல் அடங்கிற்று, கண் ஜாடைக்கும் வேலை குறைந்தது. ஆனால் ஒரு தடை அப்படியே நின்றது. போடியில் ஏலம் நடக்கும் நாளில் வாங்குகிறவர் போடியில் இருந்தாக வேண்டும்; புற்றடியில் நடக்கும் நாளில் போடி மெட்டின் கொண்டையூசி வளைவுகளையோ கம்பம் மெட்டையோ ஏறி மலைக்கு அப்பால் போயாக வேண்டும். வர முடியாதவர் அன்றைய சந்தையிலிருந்து விலகி நிற்க, வந்திருப்போர் சொல்லும் விலையே விலையாக முடிந்தது.

2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவி, மார்ச் மாதத்தில் ஏலங்கள் நின்றபோது இந்தத் தடையின் முழு ரூபமும் பிரத்தியட்சமாயிற்று. ஏலம் மறுபடியும் தொடங்கியபின்னரும் மாநில எல்லையில் சோதனைச் சாவடி, அனுமதிச் சீட்டு, தனிமை வாசம் என்று வழி அடைபட்டிருந்தது. சரக்கு ஒரு மாநிலத்திலும், அதை வாங்கும் பணம் மற்றொரு மாநிலத்திலுமாகக் காத்திருந்தன. அதன் விளைவாகத்தான், 2021 ஜனவரியில், மத்திய வர்த்தக இணையமைச்சர் சோம் பிரகாஷ், மேகக் கணிமை முறையில் நடக்கும் நேரடி மின்னணு ஏலத்தைத் தொடங்கிவைத்தார். அதன் சாரம் மிகவும் எளியது. ஏலத்தை நடத்தும் மென்பொருள், இரு கூடங்களுக்கும் பொதுவான ஓரிடத்திலிருந்து இயங்குகிறது. ஒரே லாட் ஒரே கணத்தில் இரண்டு திரைகளிலும் தோன்றுகிறது. போடியில் அமர்ந்திருப்பவர் ஏற்றிய விலையைப் புற்றடியில் அமர்ந்திருப்பவர் கண்டு, வேண்டுமானால் அதற்கு மேல் ஏறுகிறார். மலையின் இரு பக்கத்துச் சந்தைகளும் இவ்விதம் ஒரே சந்தையாயின.

இந்த மாறுதலின் அருமையை உணர 2019-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தின ஆண்டின் பெருவெள்ளத்தாலும் அவ்வாண்டின் வறட்சியாலும் விளைச்சல் குன்றியிருந்தபோது, ஆகஸ்டு மாதத்தில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்று உச்சமாக 7,000 ரூபாய்க்குப் போயிற்று. விலை இப்படித் துள்ளும் பண்டத்தில், பத்துப் பேர் கூடுதலாகப் போட்டியில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு தோட்டக்காரரின் ஓராண்டு உழைப்பின் பயனையே மாற்றிவிடக்கூடும். அதே காரணத்தால், ஏலம் நடக்கும் நேரத்தில் கணினித் தொடர்பு ஐந்து நிமிஷம் அறுந்துபோவதும் அற்ப விஷயம் அன்று.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. விலை மின்னல் வேகத்தில் மலையைத் தாண்டுகிறது. மாதிரிக் காயோ இன்னும் பையில் ஏறி, வண்டியில் ஏறி, மெட்டு வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. கையில் எடுத்துப் பிளந்து, முகர்ந்து பாராமல் ஏலக்காய் வாங்கும் வியாபாரியை நான் கண்டதில்லை. காண நேர்ந்தால் அவருக்குக் கடன் கொடுக்க மாட்டேன். எவ்வளவு பெரிய யந்திரமானாலும் அது எட்டும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லையை அறிந்து, எஞ்சியதை மனிதர் கையிலேயே விட்டுவைத்ததால்தான் இந்த ஏற்பாடு இவ்வூரில் நிலைத்தது என்று கருதுகிறேன்.

இனி, பொதுவான விஷயத்துக்கு வருவோம். மின்சாரத்தையும் குடிநீரையும் போலக் கணிக்கும் சக்தியையும் ஒரு பொது நிலையத்திலிருந்து பெற்று, அளந்து, விலை கொடுக்கும் காலம் வரும் என்று அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961-ஆம் ஆண்டிலேயே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் சொன்னார். அது காரியத்தில் வர ஐம்பதாண்டு ஆயிற்று. 2010-ஆம் ஆண்டின் இறுதியில், டில்லியில் பிறந்தவரும் அமெரிக்க மத்திய சர்க்காரின் முதல் தலைமைத் தகவல் அதிகாரியுமான விவேக் குந்த்ரா, புதிதாகக் கணினி வசதி வேண்டும் இலாகாக்கள் முதலில் மேகக் கணிமையைத்தான் கருத வேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டார். நம் நாட்டில், 1976-இல் தோன்றிய தேசிய தகவலியல் மையம், மேகராஜ் என்னும் திட்டத்தின்கீழ், 2014 பிப்ரவரியில் தேசிய மேகக் கணிமைச் சேவையைத் தொடங்கிற்று. அதன்பின், தனியார் கம்பெனிகளின் நிலையங்களையும் பரிசோதித்து, தகவல்கள் இந்திய எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, அவற்றை அங்கீகரிக்கும் முறையும் ஏற்பட்டது.

இதற்கு முன்பு நடந்ததென்ன என்பதை அறிந்தவர்கள் இம்மாற்றத்தை எளிதில் வெறுக்க மாட்டார்கள். ஒவ்வோர் இலாகாவும் தனித்தனியே கணினி வாங்கிற்று. வருஷத்தில் ஒரு நாள் நேரும் நெருக்கடியை உத்தேசித்து வாங்கிய யந்திரம் மற்ற நாட்களில் குளிரூட்டிய அறையில் சும்மா கிடந்தது. அப்படியும் அந்த ஒரு நாளில் அது போதாமற்போயிற்று. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பிள்ளைகளும், அவர்களைக் காட்டிலும் பதற்றமுள்ள பெற்றோரும், ஒரே நாழிகையில் ஒரே வாசலில் வந்து மோதுகிறார்கள். மறுநாள் அந்த வாசலில் ஆள் இல்லை. அந்த ஒரு நாழிகைக்குமட்டும் சக்தியைப் பெருக்கிக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுத்துவிடும் சௌகரியம் பொது நிலையத்தில்தான் சாத்தியம்.

ஆனால் ஓர் ஆட்சேபம் எழுகிறது. அது நியாயமான ஆட்சேபம். குடிமக்களின் நிலப் பதிவும், பிறப்பு இறப்புக் கணக்கும், ரேஷன் அட்டையும் பிறருடைய கட்டடத்தில், பிறருடைய யந்திரத்தில் இருப்பதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தேனி ஜில்லாவைவிடத் தகுதியுள்ள ஜில்லா எது? நான் முதலிற் சொன்ன இரண்டாவது காரணம் இதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லை விளைவித்து, வைகையில் கலந்து மதுரை வரையிலும் அதற்கப்பாலும் போகும் பெரியாற்றுத் தண்ணீர், நம் உயிர்நாடியாக இருந்தும், பிறர் நிலத்தில்தான் தேங்கி நிற்கிறது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாண நிர்வாகமும் செய்துகொண்ட குத்தகைப் பத்திரத்தின்படி, 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்தது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரைக் குழந்தைகளுக்குச் சூட்டும் அளவுக்கு இந்தப் பள்ளத்தாக்கு அந்தப் பொறியாளரைக் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆயினும் அணையைக் கட்டிய சுண்ணாம்புக் காரையைப் போலவே, அந்தப் பத்திரத்தின் வாசகங்களும் நம் வயல்களைக் காத்துவந்திருக்கின்றன என்பதை யாரும் கொண்டாடுவதில்லை.

அப்பத்திரம் எவ்வளவு தீர்க்கமாக எழுதப்பட்டிருந்தபோதிலும், காலம் அதை விட்டுவைக்கவில்லை. 1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது; மின் உற்பத்திக்குத் தனியே கட்டணம் என்றாயிற்று; மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குச் சென்றது. நீர் மட்டம் 136 அடியா, 142 அடியா என்ற விவகாரம் 2006-இலும் 2014-இலும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரை போயிற்று. அணையில் எவ்வளவு உயரம் தேக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்பது 1886-இல் கையெழுத்திட்டவர்களுக்குத் தலையான கேள்வியாகத் தோன்றியிராது. நூறாண்டு கழித்து எல்லாம் அந்தக் கேள்வியிலேயே வந்து நின்றது. கணினி நிலையத்துக்கான ஒப்பந்தமும் இத்தகையதே. இன்று வாடகை என்ன என்று பேரம் பேசுவதில் நம் உத்தியோகஸ்தர்கள் சமர்த்தர்கள்தாம். ஒப்பந்தம் முடியும் நாளில் நம் ஏடுகளை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திருப்பிக் கொடுப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, வேறிடம் போனால் பழைய மென்பொருள் இல்லாமல் அவற்றைப் படிக்க முடியுமா, கம்பெனி கைமாறினால் என்ன கதி என்னும் கேள்விகளையும் அதே சாமர்த்தியத்தோடு கேட்கிறார்களா என்பதே என் கவலை.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் பொய்த்துப்போகிறது. பொய்த்துப்போகும் அந்த இடமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரியாற்றுத் தண்ணீருக்கு நகல் எடுக்க முடியாது. அது தேக்கடியில் இருந்தால் கூடலூரில் இல்லை. கூடலூருக்கு வந்துவிட்டால் தேக்கடியில் இல்லை. ஏட்டுக்கோ நகல் எடுக்கலாம். ஒரு நகலை ஐதராபாத்திலும் மற்றொன்றைப் புவனேசுவரத்திலும் வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஏடு தொலைந்தால் நேரும் நஷ்டத்தோடு ஒப்பிடத் தக்கதே அன்று. ஆகவே தண்ணீர் விஷயத்தில் நாம் பிறரைச் சார்ந்திருப்பது விதி. ஏட்டு விஷயத்தில் அப்படிச் சார்ந்திருப்பது அசிரத்தை.

அசிரத்தையின் பலனை நம் அண்டை நாடு அநுபவித்தது. 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி இலங்கை அரசின் பொது மேகக் கணினியில் பணப் பறிப்புக் கிருமி புகுந்து, அரசாங்க மின்னஞ்சல்களைப் பூட்டிவிட்டது. ஏறத்தாழ 5,000 அஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மந்திரிசபை அலுவலகமும் தப்பவில்லை. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான அஞ்சல்களுக்கு எட்டத்தில் வைத்த நகல் இல்லாமையால் அவை மீளவேயில்லை. இலங்கை வறுமையில் இருந்தது, பழைய மென்பொருளைப் புதுப்பிக்கவும் பணமில்லை என்று சமாதானம் சொல்லலாம். கணினிக் கலையில் உலகுக்கே உபாத்தியாயராக விளங்கும் தென் கொரியாவுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தேஜோன் நகரில் உள்ள தேசியத் தகவல் வள நிலையத்தில், மின்கலங்களை இடம் மாற்றும்போது தீப்பிடித்து, 709 அரசுச் சேவைகள் ஒருங்கே நின்றன. உத்தியோகஸ்தர்கள் தங்கள் அலுவல் ஏடுகளைச் சேமித்துவைத்த 858 டெராபைட் அளவுள்ள பொதுக் களஞ்சியம் எரிந்து போயிற்று. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வேறிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. களஞ்சியம் பெரிது, ஆகையால் காவல் வேண்டாம் என்று முடிவு செய்த அந்தத் தர்க்கத்தை நான் எந்த நியாய சாஸ்திரத்திலும் படித்ததில்லை.

இவ்விரண்டு விபத்துகளிலும் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று உண்டு. எரிந்ததும் பூட்டப்பட்டதும் அன்னியக் கம்பெனியின் கட்டடத்தில் அன்று. இரண்டும் அரசாங்கமே நடத்திய நிலையங்கள். நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பத்திரமாக இருக்கும் என்னும் சுதேசிய நம்பிக்கைக்கு இது தகுந்த பதில். யார் வீடு என்பது இரண்டாம்பட்சம். நகல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து ஏட்டை மீட்டெடுத்துக் கடைசியாக எப்பொழுது சோதித்துப் பார்த்தார்கள் என்பவையே முதற் கேள்விகள்.

நகலால் செய்ய முடியாத காரியமும் உண்டு. இந்த மலையின் உச்சியில் இருக்கும் ஏலமலைக் காடுகளைப் பற்றிய ஒரு வழக்கு இங்குள்ள தோட்டக்காரர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1897-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிப்பின்படி ஒதுக்கப்பட்ட காட்டின் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது ஒரு கட்சி. 2,15,720 ஏக்கர் என்கிறது மறு கட்சி. எண்ணின் முன்னால் ஓர் இரண்டு இருந்ததா இல்லையா என்பதில் தலைமுறைகளின் பட்டாவும், காட்டின் கதியும் தொங்கிக்கொண்டு, விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. இத்தகைய பிழையோ ஐயமோ புகுந்த ஏட்டை மேகக் கணினியில் ஏற்றினால், அது நூறு திரைகளில், ஒரே கணத்தில், அச்சடித்த அழகோடு தோன்றும். அதனால் பிழை மெய்யாகிவிடாது, ஆனால் மெய்போல் மதிக்கப்படும். ஆதலின் மூல ஏட்டைக் கணினியில் ஏற்றியவுடன் எரித்துவிடலாம் என்று சொல்லும் அவசரக்காரர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது.

சரிவில் வாழும் எளியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களில் காய் பறிக்கச் செல்லும் பெண்களும், அங்கேயே லயங்களில் தங்கிவிடும் குடும்பங்களும் இந்த ஏலக்காய்ச் செல்வத்தின் அடிக்கல். எந்த மாநிலத்து அட்டையைக் கொண்டும் எந்த மாநிலத்திலும் ரேஷன் அரிசி வாங்கலாம் என்ற திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. இரு மாநிலத்துக் கணக்குகளும் ஒரு பொது ஏட்டில் பொருந்தியதால் கிடைத்த பயன் இது, பெரிய பயன். ஆனால் காய் பறித்துத் தேய்ந்த விரலின் ரேகையை யந்திரம் ஏற்க மறுக்கும்போதும், மலை மடிப்பில் அலைவரிசை எட்டாதபோதும், அரிசி கொடுக்கவோ மறுக்கவோ கடைக்காரருக்கு என்ன அதிகாரம் என்பதைத் தொலைவில் உள்ள கணினி தீர்மானிக்க முடியாது. அதற்கு எழுத்தில் ஒரு விதியும், கடையில் ஒரு கைப்புத்தகமும் வேண்டும். பொதுக் கணினியைச் சர்க்கார் ஏற்றுக்கொள்வதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கைப்புத்தகத்தை எடுத்துவிடுவதை அவ்வாறு ஆதரிக்க மாட்டேன்.

முடிவாக, நறுமணப் பொருள் வாரியத்துக்கும் நம் மாநில சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். குத்தகைப் பத்திரத்தின் ஒரு வரி எத்தனை தலைமுறையைப் பாதிக்கும் என்பதை இந்த ஜில்லாவின் உழவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே, ஏலத்துக்கும் பதிவேடுகளுக்கும் கணினி நிலையம் அமர்த்தும் ஒப்பந்தங்களில், தொடர்பு அறுந்தால் நடந்துகொண்டிருந்த லாட்டின் விலை என்னவாகும், நகல் எந்த ஊரில் இருக்கிறது, சென்ற முறை எந்தத் தேதியில் அதை மீட்டுச் சோதித்தார்கள், ஒப்பந்தம் முடிந்தால் ஏடுகள் யார் கைக்கு வரும் என்னும் நான்கு செய்திகளையாவது தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, போடியிலும் புற்றடியிலும் ஏலக் கூடத்துச் சுவரில், சரக்கு கொண்டுவரும் எந்தத் தோட்டக்காரரும் நின்று படிக்கும் இடத்தில், ஒட்டிவைக்க வேண்டுகிறேன். ஒட்டாவிட்டால், அடுத்த ஏலத்துக்கு மூட்டை கொண்டுசெல்லும்போது நீங்களே கேளுங்கள்.